அம்ஹரின் இரண்டு டிஸ்க்குகள்

ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அம்ஹர் படங்களை இரண்டு டிஸ்க்குகளில் சேமித்தார். ஒன்றில் நேர்வது மற்றதிலும் அப்படியே நேரும். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ‘ரெய்ட்’ (RAID) முறைகளில் இதுவே பத்திரம் என்று தேர்ந்தெடுத்திருந்தார்.

ஜீவராணி தன் கல்யாண ஆல்பத்துக்குப் படம் தெரிவுசெய்ய வந்தாள். கணவன் லோஜன் கொழும்புக்கு வேலைக்குப் போயிருந்தான். திரையில் அவள் பக்கத்தில் மாலை மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

“என்ன அம்ஹர் நானா, எங்க வீட்டுக்காரர வெட்டிட்டீங்களா?”

“நான் கையே வைக்கல்ல தங்கச்சி. மத்த டிஸ்க்க பாப்பம்.”

அதில் லோஜன் இருந்தான். அவர்கள் பார்க்கப் பார்க்க மங்கினான். அம்ஹர் டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினார், மங்குவது நிற்கவில்லை. அங்கேயும் மாலை மட்டும் மிஞ்சியது.

ஜீவராணி கணவனுக்கு அழைத்தாள். உடனே எடுத்தான்.

“ஏங்க, நான் ராணி பேசுறேன்.”

“எந்த ராணிங்க?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டான்.