எதற்கும் பொருந்தாத மூடி

ஓர் அடுப்படியில், சாமிக்குப் பாயசம் வைக்கக் காய்ச்சிய பாலை ஒரு தட்டு மூடப் போனது.

"நில்லு!" என்று பரணிலிருந்து ஒரு பழைய மூடி அதட்டியது. "மூடுகிற யோசனைக்கே காப்புரிமை என்கிட்ட இருக்கு. பாலாடையில் பாதியைக் கொடுத்துட்டு மூடு."

"ஐயோ, பூனை வந்துடுச்சே!" என்று பால் பதறியது.

"பெரியவர் கேட்கிறது நியாயம்தானே," என்றது பூனை, வாயை நக்கிக்கொண்டே. "நிதானமா பேசி முடிங்க. எனக்கு அவசரமில்லை."

"சரி அண்ணே, உரிமை உங்களோடதுதான். நீங்களே இறங்கி வந்து மூடுங்க," என்றது தட்டு.

மூடி தொண்டையைக் கனைத்தது. "அது... நான் எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்த மாட்டேன்."

பாத்திரங்கள் எல்லாம் கலகலவென்று சிரித்தன. தட்டு சட்டென்று பாலின் மேல் உட்கார்ந்துகொண்டது.

ஏமாந்த பூனை பரணைப் பார்த்துக் கேட்டது: "அண்ணே, தயிருக்கு ஏதாவது உரிமை வெச்சிருக்கீங்களா?"