நிற்காத மீட்டர்

"எல்லாத்தையும் அணைச்சாச்சு. பிரிட்ஜ் வயரைக்கூடப் பிடுங்கிட்டேன். அப்பவும் சுத்துதுங்க" என்றாள் மேவிஸ்.

வீட்டின் மின்செலவைச் சோதிக்க வந்திருந்த லூசில், பனிக்காலணிகளைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "எது சுத்துது?"

"மீட்டருக்குள்ள இருக்கிற வட்டு. போன மாசம் ரெண்டு வாரம் ரெஜைனாவுல மக வீட்டுல இருந்தோம். ஹீட்டரைப் பத்து டிகிரிக்குக் குறைச்சு வெச்சுட்டுத்தான் போனோம். வந்து பார்த்தா, நாங்க இங்கேயே இருந்தா எவ்வளவு ஓடுமோ அவ்வளவு ஓடியிருக்கு."

கம்பளிக் குல்லாயும் கையுறையுமாகச் சோபாவில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் வில்ஃப், "பேய் வந்து வெந்நீர்ல குளிச்சுட்டுப் போயிருக்கும்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க."

"சும்மாத்தானே இருக்கேன். டிவி கூடக் கிடையாது."

கனடாவின் வின்னிபெக் நகரில் அவர்கள் தெருவின் சமூகக்கூடம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மின்சிக்கனப் போட்டி நடத்தியது. இந்த முறை பரிசு, முன்பக்க ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. மேவிஸுக்கு அது வேண்டும். அவள் வீட்டு ஜன்னலில் டிசம்பர் முதல் மார்ச் வரை உள்பக்கமே பனி உறைந்து கிடக்கும். சனிக்கிழமை முடிவு. ஆனால் இரண்டு வருடமாக ஜெயிப்பவர் ஓரெஸ்ட். ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடுகளாகப் பிரிந்த அந்தக் கட்டடத்தின் மறுபாதியில்தான் அவர் இருந்தார்.

"முதல்ல உங்க வீட்டுல காத்து எங்க ஒழுகுதுன்னு பார்த்துடலாம்" என்ற லூசில், வாசல் நிலையில் துணித்திரையை இறுக்கிக் கட்டி, அதன் நடுவே பெரிய மின்விசிறியைப் பொருத்தினாள். "இது உள்ள இருக்கிற காத்தை வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்காத்து எந்த இடுக்கு வழியாவது நுழையப் பார்க்கும். ஒவ்வொரு இடுக்கும் மயிரிழைதான். ஆனா எல்லாத்தையும் சேர்த்தா சில வீட்டுல ஒரு கதவு அளவுக்கு ஓட்டை இருக்கும். வருஷம் பூரா கதவைத் திறந்து போட்டுட்டு ஹீட்டர் போடுற மாதிரி."

புகைக்குச்சியைக் கொளுத்தி, ஜன்னல் ஓரம், பிளக் பெட்டி, பரண் கதவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். புகை எங்குமே வளையவில்லை.

"அருமை" என்றாள் லூசில், இனிப்பைக் கண்ட குழந்தையைப் போல. "மொத்த ஓட்டையும் சேர்த்தா ரெண்டு உள்ளங்கைதான். யார் அடைச்சது?"

"நான்தான். மூணு குளிர்காலமா."

"நான் ஏணியைப் பிடிச்சேன்" என்றார் வில்ஃப்.

அப்போது பின்கதவு திறந்தது. குளியல் அங்கியும் ரப்பர் காலணியுமாக ஓரெஸ்ட், ஒரு தட்டு பெரோகிக் கொழுக்கட்டையோடு நின்றார். தலைமுடியில் ஈரம் உறைந்து பளபளத்தது.

"சூடு ஆறதுக்குள்ள சாப்பிடுங்க. என்ன மேவிஸ், இன்னும் கண்டுபிடிக்கலையா? நான்தான் சொன்னேனே, பெரிசா ஒண்ணும் செய்ய வேணாம். ரூமை விட்டு வெளியே வந்தா விளக்கை அணைக்கணும். அவ்வளவுதான்."

"தோட்டத்துல வெந்நீர்த் தொட்டி வெச்சிருக்கீங்களே, அது?" என்றாள் மேவிஸ்.

"மூடி போட்டிருக்கேன்ல? சூடு எங்க போகும்? சமூகக்கூடத்துப் பத்திரிகையில இதைப் பத்தி விவரமா எழுதியிருக்கேன். படிச்சுப் பாரு. உனக்குப் பொறுமை பத்தாது, அதான் விஷயம்."

அவர் போனதும் மேவிஸ் பெரோகியைக் குத்திக் கிழித்தாள். "இந்த மனுஷன் கிட்ட மறுபடியும் தோத்தா நான் ரெஜைனாவுக்கே போயிடுவேன்."

"அங்கேயும் மீட்டர் இருக்கும்மா" என்றார் வில்ஃப்.

லூசில் மின்விசிறியை அணைத்துக் கழற்றினாள். "ரெண்டு விளக்கைத் தவிர வீட்டுல எதுவுமே ஓடலை. ஆனா வட்டு இவ்வளவு வேகமாச் சுத்துது. அப்போ நமக்குத் தெரியாம ஏதோ மின்சாரம் எடுக்குது. எதுன்னு தேட வேண்டாம். எல்லாத்தையும் ஒரேயடியா வெட்டிப் பார்ப்போம். நான் கீழே நிலவறைக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்குறேன். நீங்க வெளியே மீட்டர் கிட்ட நில்லுங்க."

வெளிச்சுவரில் இரண்டு மீட்டர்கள் அருகருகே இருந்தன. இடது வீடு, வலது வீடு என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு பித்தளைத் தகடு. மைனஸ் இருபத்தெட்டு டிகிரிக் குளிரில் மேவிஸ் தன் மீட்டரையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

லூசில் மேலேறி வெளியே வந்தாள். "இறக்கிட்டேன். வீடே இருட்டு. நின்னுடுச்சா?"

"இல்லையே. முன்னைவிட வேகமா ஓடுது."

லூசில் குனிந்து பார்த்தாள். பிறகு பக்கத்து மீட்டரைப் பார்த்தாள். அதன் வட்டு அசையாமல் நின்றது.

"இது எப்போ நின்னுது?"

"நான் எதுக்கு அடுத்த வீட்டு மீட்டரைப் பார்க்கப் போறேன்?"

வேலிக்கு அப்பால் வெந்நீர் கொப்பளிக்கும் ஓசையும், ஓரெஸ்ட் சீட்டியடிப்பதும் கேட்டன. லூசில் உள்ளே ஓடி, மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பக்கத்து மீட்டரின் வட்டு மெல்ல நகரத் தொடங்கியிருந்தது.

"இந்தச் சுவருக்குப் புதுப் பலகை எப்போ அடிச்சீங்க?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. ஏன்?"

லூசில் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். "இதுதான் உங்க மீட்டர். அப்போ கழட்டின தகடுங்களை மாத்தி மாட்டிட்டாங்க. அளவு எடுக்க வர்றவர் தகட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கிறார். ரெண்டு வருஷமா ஓரெஸ்ட்டை ஜெயிக்க வெச்சது நீங்கதான். இந்த ரெண்டு தகட்டையும் இடம் மாத்திட்டா சரியாப் போச்சு."