பூஜ்யம் போட்டவன்

பொம்மிடியில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ‘கர்னல்’ கோடிங்கைச் சரிபார்ப்பது பூவரசனின் உத்தியோகம். பட்டாளத்துக் கர்னல் அல்ல; கம்ப்யூட்டருக்குள் சகலத்தையும் ஆட்டிவைக்கும் கர்னல். அடுத்தவன் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

இன்றைக்கு விருந்தே வந்திருந்தது. அவன் கம்பெனி கோடிங் ஓடும் ஏ.டி.எம். ஒன்றை எவனோ வெளியிலிருந்தே திறந்து வழித்துத் துடைத்துவிட்டான். விசாரிக்க சைபர் கிரைம் எஸ்.ஐ. கோகிலவாணி வந்திருந்தார். பக்கத்தில், கூட வேலை பார்க்கும் மொரப்பூர் பூபதி வியர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

“புரியற மாதிரி சொல்லுங்க சார்.”

“நகையைத் தினம் ஒரு இடத்துல மாத்தி வெச்சா திருடன் தேடியே ஓஞ்சுடுவான் இல்லீங்களா மேடம்? மெஷின் ஒவ்வொரு தடவை ஆன் ஆகறப்பவும் மெமரியில கோடிங் இருக்கற இடத்தை அப்படித்தான் மாத்தணும். எவ்வளவு தூரம் மாத்தறதுன்னு பேங்க்காரங்களே செட்டிங்குல வெச்சுக்கலாம். ஆனா அவங்க என்ன வெச்சாலும் இந்த ஒத்தை வரி அதைப் பூஜ்யமாக்கிடுது. நகை தினமும் அதே பீரோவுல!”

லேப்டாப் திரையில் அந்த வரிக்குப் பக்கத்தில், எழுதியவன் என்று பூபதியின் பெயர் இருந்தது. அடுத்த மாதம் டீம் லீடர் ஆகப்போகிறவன். பூவரசனுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

“டெஸ்ட் பண்றதுக்குப் போட்டுட்டு எடுக்க மறந்திருக்கலாமுங்கண்ணா” என்றான் பூபதி.

“மறதியா? இதை எழுதினவன் அந்தத் திருடனுக்குக் கூட்டாளி, மேடம். கோர்ட்டுக்கே வந்து சாட்சி சொல்றேனுங்க.”

“அப்படி அடிச்சுச் சொல்லாதீங்கண்ணா. பொழப்பே போயிடுமுங்க.”

“களவாணிக்கு என்னடா பொழப்பு? உள்ள தள்ளுங்க மேடம்!”

பூபதி அவனைப் பாவமாகப் பார்த்தான். பிறகு லேப்டாப்பை இழுத்து, அந்த வரியின் பழைய சரித்திரத்தைத் திறந்து எஸ்.ஐ. பக்கம் திருப்பினான்.

“பழைய ஃபைல்ல இருந்ததை நான் இந்த ஃபைலுக்கு மாத்தி வெச்சேன், அவ்வளவுதானுங்க மேடம். மொதல்ல எழுதினது யாருன்னு நீங்களே பாருங்க.”

திரையில் இருந்த பெயரைப் படித்த எஸ்.ஐ. எழுந்து, “சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க பூவரசன் சார், தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல இவ்வளவு ஆசைப்பட்ட ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்” என்றார்.