குளத்தில் விஷம்

சிங்கம் விரட்டப்பட்ட காட்டில் முதல் தேர்தல் வந்தது. அதுவரை வாய் திறக்கப் பயந்த மிருகங்கள் எல்லாம் பேச ஆரம்பித்தன. யார் எதைச் சொன்னாலும் கிளிகள் அதை மரத்துக்கு மரம் கொண்டுபோயின.

சிங்கத்தை முதலில் எதிர்த்த முள்ளம்பன்றியும் தேர்தலில் நின்றது. அதுதான் ஜெயிக்கும் என்று பேச்சு.

ஒருநாள் கிளிகள், "முள்ளம்பன்றி குளத்தில் விஷம் கலந்துவிட்டது!" என்று கத்தின.

முள்ளம்பன்றி பதறி ஓடிவந்து ஒரு கிளியிடம் கேட்டது: "நீ பார்த்தாயா?"

"இல்லை. எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன்."

"அவர்களுக்கு யார் சொன்னது?"

"நாங்கள்தான்."

முள்ளம்பன்றி கூட்டத்தின் முன்னால் குளத்தில் இறங்கி வயிறு முட்டக் குடித்துக் காட்டியது.

"மாற்று மருந்தைத் தின்றுவிட்டுக் குடிக்கிறது!" என்றது கிளி. காடே அதைத் திருப்பிச் சொன்னது.

முள்ளம்பன்றி பக்கத்து வளை முயலைப் பார்த்தது. "காலையில் நாம் சேர்ந்துதானே குடித்தோம்? சொல்லேன்!"

முயல் தலையைக் குனிந்துகொண்டது.

கொம்புகளும் குளம்புகளும் பாய்ந்தன. முள்ளம்பன்றி கரையிலேயே செத்துக் கிடந்தது.

வெயில் ஏறியிருந்தது. அடித்துக் களைத்த மிருகங்களுக்குத் தாகம் தாங்கவில்லை. ஒவ்வொன்றாகக் குளத்தில் இறங்கி, எல்லாமே தண்ணீர் குடித்தன.