அலறாத அரங்கு

பகல் காட்சி. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் இயக்குநர் திரையைப் பார்க்காமல் பார்வையாளர்களின் பின்னந்தலைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது அவளுடைய ஐந்தாவது பேய்ப்படம். முந்தைய நான்கும் ஊரையே அலறவைத்தவை. திரையில் நீல வெளிச்சம் படிந்த மாடிப்படி. மேலே ஒரு கதவு கிறீச்சிட்டுத் திறக்கிறது. இசை சட்டென்று நிற்கிறது. இருட்டிலிருந்து பேயின் முகம் பாய்கிறது. ஒரு தலைகூட அசையவில்லை. நடுவரிசையில் யாரோ வாய்விட்டுக் கொட்டாவி விடுகிறார்கள். முன்னால் ஒரு கைப்பேசி ஒளிர்ந்து அணைகிறது. "பேய்க்கு மேக்கப் கொஞ்சம் ஓவர்டா," என்கிறது ஒரு குரல், சுற்றிலும் சிரிப்பு. பக்கத்தில் அவள் கணவன், சரியான பயந்தாங்கொள்ளி. அவளுடைய எந்தப் படத்தையும் அவன் முழுசாகக் கண்திறந்து பார்த்ததில்லை. பேய் வந்தால் அவள் தோளில் முகம் புதைத்துக்கொள்வான். மெல்லத் திரும்புகிறாள். நிமிர்ந்து உட்கார்ந்து, திரையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான் அவன். "பயமா இல்லையா?" என்று கிசுகிசுக்கிறாள். அவன் அவள் கையைத் தட்டிக்கொடுக்கிறான். "நல்லாத்தாம்மா இருக்கு," என்கிறான், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையிடம் பேசுவதுபோல. இத்தனை கனிவாக அவன் பேசி அவள் கேட்டதேயில்லை. திரையில் பேய் மறுபடி பாயும்போது, அவள் அவன் தோளில் முகம் புதைத்துக்கொள்கிறாள்.