ரெஜினா பாறை

லியோன் திரும்பி வந்தது எந்த வருடம் என்று சரியாக நினைவில்லை. சுற்றுலா சீசன் நடுவில் என்று நினைக்கிறேன். கடலில் காணாமல் போன கணவன் லியோனுக்காக ரெஜினா மாலைதோறும் பாறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் எங்கள் ஊருக்கு வேன்கள் வந்தன. அவற்றால்தான் பாதி ஊர் பிழைத்தது. கைடு மிக்கேல் ஊரின் வரலாற்றையே அவளைக் காட்டித்தான் தொடங்குவான். லியோனோ ஏதோ வெளிநாட்டுச் சிறையிலிருந்து விடுதலையாகி, ஒரு மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

வீட்டுக்குள் வந்து மிக்கேல் கெஞ்சினான். “அண்ணே, சீசன் முடியுற வரைக்கும் வெளிய தல காட்டாதீங்க.”

“ஏல, நான் உசுரோட வந்தது ஒனக்கு நட்டமால?”

“எனக்கு மட்டுமா? ஊருக்கே நட்டம்ணே.”

லியோன் மனைவியைப் பார்த்தான். “நீ என்னட்டி சொல்லுத?”

ரெஜினா கூந்தலை அள்ளி முடிந்தாள். “ரெண்டு வேன் வந்து நிக்கி. போயிட்டு வந்து சோறு போடுதேன்.”

மிக்கேல் இப்போது சொந்தமாக விடுதி கட்டிவிட்டான். லியோன் சில சீசன்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து, காய்ச்சலில் இறந்தான். கோயிலில் துக்கமணி அடிக்கவில்லை. ரெஜினா பாறைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள், வேன் வராத நாட்களிலும்.