அம்புக்குத் தனிக் கவசம்

"எம் புருசன் மண்டையில ஏழு தையல். இவருக்கு வெளையாட்டு கேக்குது!"

லாரி எடைமேடை ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்த மார்த்தாள் பல்லைக் கடித்து முணுமுணுத்தாள்.

சாலவாக்கம் பக்கத்துக் கல்குவாரி. சனிக்கிழமை, சாப்பாட்டு வேளை. உள்ளே முதலாளி வீரபத்திரன் ஒரு கம்ப்யூட்டரில், சூப்பர்வைசர் பிரேம்நாத் இன்னொன்றில். ராஜா காலத்துச் சண்டை விளையாட்டு. கோட்டை, குதிரை, வெட்டு, குத்து எல்லாம் உண்டு.

பள்ளத்தில் இறங்கும் பதினாலு பேருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று மூன்று மாதமாகக் கேட்கிறாள் மார்த்தாள். "மொதலாளியாண்ட சொல்றேங்க்கா" என்பான் பிரேம்நாத். போன மாதம் மேலேயிருந்து உருண்ட கல் அவள் புருஷன் முனிரத்தினத்தின் தலையைப் பிளந்தபோதும் அதே பதில்தான்.

சொல்ல வேண்டிய ஆள் சனிக்கிழமை தவறாமல் முதலாளியோடு உட்கார்ந்து விளையாடினால் அவனை என்னவென்று சொல்வது? ஜால்ரா. வேறென்ன?

இன்று விடுவதில்லை என்று உள்ளே நுழைந்தாள்.

"அஞ்சே நிமிசம், யக்கா." பிரேம்நாத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரையில் முதலாளியின் ஆட்கள் இரும்புச் சட்டையில் பளபளவென்று முன்னேறினார்கள். பிரேம்நாத்தின் கத்திக்காரர்கள் நாலைந்து பேர் பின்வாங்கி ஓடினார்கள். முதலாளியின் படை துரத்திக்கொண்டு போனது. திடீரென்று காட்டுக்குள்ளிருந்து அம்பு மழை.

"டேய், இன்னாடா இது! இருந்த தங்கத்தையெல்லாம் கொட்டி கவசம் வாங்கி மாட்டிக்கீறேன். பொத்து பொத்துனு வுழறானுங்க?"

"அது கத்தி வெட்டத் தாங்குற கவசம், மொதலாளி. அம்புக்குத் தனியா வாங்கணும். நீங்க வாங்கல."

"நீ கத்திக்காரனுங்களத்தானே காட்டிக்கினு இருந்தே!"

"காட்டத்தான் காட்டுனேன்."

கோட்டை விழுந்தது. முதலாளி நாற்காலியில் சாய்ந்து உச்சுக் கொட்டினார். "அம்புக்கு ஒண்ணுமே குடுக்காம அனுப்பி சாவடிச்சிட்டேனே. பாவம்டா பசங்க."

மார்த்தாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"கம்ப்யூட்டர் பொம்மை செத்ததுக்குப் பாவமா? எங்க தலைக்கு இன்னா சார் வழி?" என்றவள் பிரேம்நாத் பக்கம் திரும்பினாள். "அவுரு மொதலாளி. உனுக்கு இன்னா கேடு? மண்டை ஒடஞ்சி கெடக்குற மனுசன் ஞாபகமே இல்லாம, அவுருகூட குந்திக்கினு வெளையாடறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

பிரேம்நாத் தலையைக் குனிந்துகொண்டான்.

வீரபத்திரன்தான் போனை எடுத்தார். உத்திரமேரூர் கடைக்காரரிடம் இரண்டே நிமிடம் பேசினார். "திங்கக்கெழம காலைல பதினாலு ஹெல்மெட் வந்துரும்மா. போய் வேலையப் பாரு. நான் பந்தயத்துல பேச்சு மாற மாட்டேன்."

"பந்தயமா?"

"பின்ன? அவன் ஜெயிச்சா நான் ஹெல்மெட் வாங்கித் தரணும். தோத்தா மறுநாள் சம்பளமில்லாம வந்து ஒழைக்கணும்." முதலாளி பெருமையாகச் சிரித்தார். "பதினோரு ஞாயித்துக்கெழம ஒழைச்சிட்டாம்மா. இன்னிக்கித்தான் ஜெயிச்சிக்கீறான்!"